பெயிண்ட் அடிக்காத சைக்கிள்

அத்தியாயம் 7

கிடார் பைக்குள் கிடார்தான் இருந்தது.

தேவிப்பிரியா அதை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பைக்குள் கையை விட்டு மூலை வரை துழாவினாள். ஒரு பாட்டுப் புத்தகமும் பாதி கரைந்த இருமல் மிட்டாயும் கிடைத்தன. இரண்டையும் வைத்து யாரையும் கைது செய்ய முடியாது.

ஒரகடம் கூட்டுரோட்டில் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் துப்பறிவாளர் தேவிப்பிரியாவுக்கு வழக்கமாக வருகிற கேஸ்கள் இரண்டே வகை. மாப்பிள்ளை நிஜமாகவே பர்மனென்ட்டா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். காய்ச்சல் என்று லீவு போட்டவர் நிஜமாகவே காய்ச்சலில் கிடக்கிறாரா என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். சைக்கிள் காணோம் என்று வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் முழு சைக்கிள் இல்லை. சக்கரம், ஹேண்டில்பார், சீட் எதுவும் மாட்டாத வெறும் ஃபிரேம். டைட்டானியத்தில் செய்தது.

கேஸ் கொடுத்தவர் ஃபிரேமின் சொந்தக்காரர் பாலாஜி. பொக்லைன் வண்டிகளுக்கு இருக்கைச் சட்டம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர்தான் பிளாண்ட் ஹெட். ஃபிரேம் தன் கேபினில் இருந்ததாகவும், புதன்கிழமை மதியம் காணாமல் போனதாகவும் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவர் கேபினுக்குள் போய் வந்த ஒரே ஆள் இசைவாணி. கடைசிக்கட்ட சோதனையில் வேலை செய்யும் காண்டிராக்ட் பெண். அன்று சாயங்காலம் ஒரு பெரிய கிடார் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போவதை கேட் கேமரா பார்த்திருந்தது. அவ்வளவுதான். மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இசைவாணி கேபினுக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. சில நாள் வேலையிலிருந்து நிறுத்தி பிரேக் கொடுத்து, மறுபடி எடுத்து, மறுபடி பிரேக் கொடுத்து என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்த பிறகு அவளுடைய பர்மனென்ட் ஆர்டர் பாலாஜியின் மேஜைக்கு வந்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை ஞாபகப்படுத்தப் போனவள் திருடியாகித் திரும்பினாள். இன்று மாலைக்குள் ஃபிரேம் கிடைக்காவிட்டால் ஆர்டரைக் கிழித்துவிட்டு போலீசுக்குப் போவதாக பாலாஜி சொல்லியிருந்தார்.

மணிமங்கலத்தில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் இசைவாணி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். சர்ச்சில் ஈஸ்டர் பாட்டுப் பயிற்சிக்காக ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை செய்கிற ஒரு அண்ணனிடம் கிடாரை இரவல் வாங்கி வந்ததாகச் சொன்னாள். அழுது முடித்துவிட்ட குரல்.

உதவியாளன் கோபிநாத் இஞ்ச் டேப்பை மடக்கினான். அவன் வாயை அடக்குவதற்கு இதுவரை டேப் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"மேடம், சைக்கிள் ஃபிரேமு இந்தப் பையில பாதிதான் நுழையும். மீதியைக் கையில பிடிச்சுக்கினு, 'இதுவும் கிடாருதாங்க, கொஞ்சம் வளந்துடுச்சு'ன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லணும்."

இசைவாணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. தேவிப்பிரியா பையை மூடிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"ஃபேக்டரிக்குள்ள எங்கயாவது சைக்கிள் ஃபிரேம் ஒண்ணு பாத்தியாம்மா?"

இசைவாணி தரையைப் பார்த்தாள். "இன்னா கலரு மேடம்?"

"கலரே கிடையாது. பெயிண்ட் அடிக்காதது. சாம்பலாட்டம் இருக்கும்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்ப பாக்கலை மேடம்."

தேவிப்பிரியா எழுந்தாள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்து நிற்கச் சொன்னாள். உள்ளே விடமாட்டார்களே என்றாள் இசைவாணி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தேவிப்பிரியா சொன்னாள். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கே தெரியாது.

படப்பை வழியாக ஸ்கூட்டர் போனது. கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போக, இந்த ரோட்டில் போய் ஒரு மனுஷன் ஆசைப்பட்டு சைக்கிள் ஓட்டுவானா, அதற்கு டைட்டானியத்தைவிட இன்சூரன்ஸ் அல்லவா முக்கியம் என்று கோபி பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தான்.

"அந்தப் பொண்ணு கலரு கேட்டாளே, கவனிச்சியா?" என்றாள் தேவிப்பிரியா.

கவனித்ததாகவும், ஆனால் அதற்குள் ஒரு டிரைலர் தன் முழங்காலைக் கேட்டதாகவும் கோபி சொன்னான்.

தொழிற்சாலையில் விசிட்டர் பார்க்கிங் நிரம்பியிருந்தது. தொழிலாளர்களுடைய சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். அங்கே நசுங்கிய மட்கார்டு சைக்கிள்களுக்கு நடுவில், தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டு ஒரு மஞ்சள் ஃபிரேம் மட்டும் தனியாக நின்றது.

கோபி அதைக் கண்டு மனம் உருகிப்போனான். "சக்கரம், சீட்டு எல்லாத்தையும் கழட்டிக்கினு, எலும்பை மட்டும் பத்திரமா கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கான். மனசாட்சி உள்ள திருடன் மேடம்."

தேவிப்பிரியா சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தாள்.

பாலாஜியின் கேபின் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. சுவரில் ஒரு சார்ட் மாட்டியிருந்தது. தொழிற்சாலையில் எந்தத் தவறு நடந்தாலும் காரணம் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும் என்றது சார்ட்: ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட். குறை உள்ள பீஸில் சிவப்பு டேக் கட்டி, நான்கில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். 'ஆள்' என்று டிக் செய்தால் பக்கத்தில் அந்த ஆளின் பெயரையும் எழுதியே ஆக வேண்டும். பெயர் எழுதும் விஷயம் மட்டும் தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று பாலாஜி பெருமையாகச் சொன்னார்.

"இந்தக் கேஸ்லயும் காரணம் 'ஆள்'தான் மேடம். பேர் இசைவாணி."

கிடார் பை விவகாரத்தை தேவிப்பிரியா சொன்னாள். பாலாஜி நம்பவில்லை. ஃபிரேமை இரண்டாக அறுத்திருப்பாள் என்றார். டைட்டானியத்தை அறுக்க என்னவெல்லாம் வேண்டும் என்று அவரே பிறகு விளக்கிவிட்டு, அப்படி அறுத்திருக்க முடியாது என்ற முடிவுக்கும் அவரே வந்தார்.

அந்த ஃபிரேமைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மனிதர் கல்யாணப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆனார். அரை வருஷம் தூக்கமில்லாமல் தேடியிருக்கிறார். இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியம் முதுகை உடைக்கும். கார்பன் ஒரு அடி வாங்கினால் உள்ளுக்குள்ளே விரிசல் விட்டு, வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். டைட்டானியம் ஒன்றுதான் ஆயுசுக்கும் கூட வரும். உலோகத்தை முடிவு செய்த பிறகு ரோடு சைக்கிளா, டூரிங் சைக்கிளா என்று அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. ரோடு சைக்கிள் லேசானது, வேகமானது, ஆனால் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மேல் கட்ட இடம் இருக்காது. டூரிங்கில் கேரியருக்கும் மட்கார்டுக்கும் திருகு துளை உண்டு. அகல டயர் போடலாம். பின்பக்கம் நீளமாக இருப்பதால் மிதிக்கும்போது குதிகால் கேரியரில் தொங்கும் பையில் இடிக்காது. தனுஷ்கோடி வரை மூட்டை முடிச்சோடு போகலாம்.

"போயிருக்கீங்களா சார்?" என்று கோபி கேட்டான்.

இதுவரை வாலாஜாபாத் வரைக்கும்கூட போனதில்லை, லீவு கிடைப்பதில்லை என்று பாலாஜி ஒப்புக்கொண்டார்.

என்ன கலர் பெயிண்ட் அடிக்க நினைத்திருந்தீர்கள் என்று தேவிப்பிரியா கேட்டாள். பாலாஜிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டைட்டானியத்துக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா மேடம்? தங்கத்துக்கு மேல கவரிங் போட்ட மாதிரி."

டூரிங் ஃபிரேம் வந்து சேர்ந்த பிறகும் சந்தேகம் தீராமல், புதன்கிழமை மத்தியானம் ஒரு போட்டோ எடுத்துத் தன் சைக்கிள் நண்பர்களுக்கு அனுப்பி, 'டூரிங் வாங்கியது சரியா, ரோடு வாங்கியிருக்க வேண்டுமா' என்று கேட்டிருக்கிறார். பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் தவறு என்றார்கள். போனை நீட்டினார். படத்தில் பாலாஜி ஒரு கையை நீட்டித் தன்னையே எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தோளுக்குப் பக்கத்தில் ஃபிரேம், பின்னால் வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம்.

"எங்க எடுத்தது சார்?"

"இங்கதான். கேபின்ல."

தேவிப்பிரியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பெயிண்ட் ஷாப்பைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டாள். எதற்கு என்று பாலாஜி கேட்டார். சும்மா என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்றார்.

வெளியே வந்ததும் கோபி கேட்டான். "சைக்கிளு காணோம்னா பெயிண்ட் ஷாப்ல இன்னா மேடம் வேலை? அதான் பெயிண்டே அடிக்க மாட்டேன்னு அழுவுறாரே."

"போட்டோல ஒரு கை போனைப் பிடிச்சிருக்கு. இன்னொரு கை கட்டைவிரலைக் காட்டுது. ஃபிரேமைப் பிடிச்சிருந்தது யாரு?"

கோபி நின்றுவிட்டான். பிளாண்ட் ஹெட்டுகளுக்கு மூன்றாவது கை உண்டா என்று யோசித்தான். பிறகு, "தொங்கிக்கினு இருந்துச்சு" என்றான் மெதுவாக.

"கேபின் கூரையில ஒரு ஆணிகூட இல்லை. தோள் உசரத்துல பொருளைத் தொங்க விடறதுக்கு இந்த ஃபேக்டரியில எங்க வசதி இருக்கு?"

பெயிண்ட் ஷாப் வாசலிலேயே ஒரு நோட்டீஸ். இந்தக் கோட்டைத் தாண்டி மொபைல் போன் கொண்டு போகக் கூடாது, மீறுகிற காண்டிராக்ட் தொழிலாளி அன்றே வெளியே அனுப்பப்படுவார், கீழே பாலாஜியின் கையெழுத்து. செக்யூரிட்டி இரண்டு பேருடைய போனையும் வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினார். கேபினில் எடுத்தேன் என்று பாலாஜி ஏன் சொன்னார் என்பது தேவிப்பிரியாவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஊருக்கு உபதேசம் செய்தவர் தன் போட்டோ எங்கே எடுத்தது என்று எப்படிச் சொல்வார்?

உள்ளே தலைக்கு மேல் ஒரு சங்கிலி ஊர்ந்துகொண்டிருந்தது. சங்கிலி நெடுக ஹூக்குகள். ஒரு முனையில் வெல்டிங் முடிந்த இருக்கைச் சட்டங்களை ஹூக்கில் மாட்டுகிறார்கள். சாம்பல் நிறத்தில், குழாய் குழாயாக அவை தொங்கிக்கொண்டே போய், ரசாயனத் தொட்டியில் குளித்து, பவுடர் பெயிண்ட் அறைக்குள் நுழைந்து, அடுப்பில் வெந்து, மறுமுனையில் பளபளவென்று மஞ்சளாக வருகின்றன. மாட்டுகிற இடத்தில் சுவர் வெள்ளை. டியூப் லைட் வரிசையாக எரிந்தது. அந்தத் தொழிற்சாலையில் போட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

டீ நேரத்தில் மட்டும் சங்கிலியை நிறுத்துவார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஆட்கள் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். மணி அடித்ததும் கண்ட்ரோல் அறையில் ஸ்விட்சைப் போட்டால் போதும், லைன் தானே நகரும்.

மறுமுனையில் பீஸ்களை இறக்குகிற சுடலைக்கண்ணு நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். தேவிப்பிரியா அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டாள். ஒன்றும் இல்லையே என்றார். சொல்லிவிட்டு இரண்டு தடவை வியர்வையைத் துடைத்தார்.

"கோபி, ஒரு பூனை காணாமப் போயிடுச்சு. நீ பாத்தியான்னு கேக்கறேன். பாக்கலைன்னா என்ன சொல்லுவே?"

"பாக்கலைன்னுவேன்."

"என்ன கலரு பூனைன்னு எப்ப கேப்பே?"

கோபியின் வாய் ஒரு கணம் மூட மறந்தது. "ஏதோ ஒரு பூனையைப் பாத்திருந்தா கேப்பேன்."

"இசைவாணி ஒரு சைக்கிளைப் பாத்திருக்கா அண்ணாச்சி. அது இங்க வேற யாரோடதோன்னு நினைச்சு மறைக்கறா. அதனால அவ வேலை இன்னிக்கு சாயங்காலம் போகப் போகுது. எல்லாத்தையும் சொல்லுங்க. யார் வேலையும் போகாம நான் பாத்துக்கறேன்."

சுடலைக்கண்ணுவுக்கு இசைவாணியின் பெயரைக் கேட்டதும் முகம் கலங்கிவிட்டது.

"புதங்கெழமை டீ முடிஞ்சு லைன் ஓடிச்சா, சட்டத்துக்கு நடுவுல மஞ்சளா ஒரு சைக்கிளு தொங்கிட்டு வருது மேடம். நம்ம பயலுவள்ல எவனோ சொந்த வேலையா உள்ள ஓட்டி விட்டிருக்கான்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா அவன் வேலை போயிரும்லா. சட்டுனு எறக்கி, சைக்கிள் ஸ்டாண்டுல கொண்டு கட்டிப் போட்டேன். உரியவன் போகும்போது அவுத்துட்டுப் போவட்டும்னு. அந்தப் புள்ளையும் பாத்துச்சு. சொல்லாத தாயின்னேன்."

"அப்புறம் சைக்கிள் ஃபிரேம் காணோம்னு சொன்னாங்களே, அப்பவும் தோணலையா?"

"காணாமப் போனது பெயிண்டு அடிக்காத வெளிநாட்டுச் சாமான்னுல்லா சொன்னாவ. இது மஞ்ச சைக்கிளு."

தேவிப்பிரியாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். அதன் பக்கத்தில்தான் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தாள்.

பாலாஜியை சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்து வந்தார்கள். தினம் இரண்டு வேளை காரில் அதைத் தாண்டிப் போகிறவர், இறங்கி உள்ளே வருவது அதுதான் முதல் தடவை போல, எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்தார். கேட்டில் யூனிஃபார்மோடு நின்றிருந்த இசைவாணியை கோபி கூட்டி வந்தான். அவளைப் பார்த்ததும் பாலாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுடலைக்கண்ணு கயிற்றை அவிழ்த்தார். யாருடைய சைக்கிள் இது, எனக்கு எதற்குக் காட்டுகிறீர்கள் என்று பாலாஜி கேட்டார்.

"தூக்கிப் பாருங்க சார்."

வேண்டாவெறுப்பாக ஒரு கையால் தூக்கினார். எடையே இல்லை. கை தெரிந்துகொண்டது, கண்ணுக்குத்தான் நேரமானது. தேவிப்பிரியா ஸ்கூட்டர் சாவியால் ஒரு கீறு கீறினாள். மஞ்சள் சுண்ணாம்பு மாதிரி பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறம். பாலாஜி பக்கத்திலிருந்த ஒரு சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டார். அரை வருஷத் தேடல் பொக்லைன் கலரில் நின்றுகொண்டிருந்தது.

துக்கம் சீக்கிரமே கோபமானது. ஃபிரேமை லைனில் மாட்டியது யார், இப்போதே பெயர் வேண்டும், அவனை இந்த நிமிஷமே வெளியே அனுப்புகிறேன் என்று சத்தம் போட்டார். சுடலைக்கண்ணு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அந்த போட்டோவை எடுங்க சார்," என்றாள் தேவிப்பிரியா. "ஃபிரேமைப் பிடிச்சிருக்கறது யாருன்னு சொல்லுங்க."

பாலாஜி போனை எடுத்தார். படத்தைப் பார்த்தார். அதில் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. ஃபிரேமுக்கு மேலே, படத்தின் ஓரத்தில், ஒரு ஹூக்கின் வளைவு தெரிந்தது.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். லைன் நின்றிருந்தது, ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு இறக்கிவிடலாம் என்று மாட்டினேன், அதற்குள் கஸ்டமர் போன் வந்துவிட்டது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன் என்றார். திரும்பி வந்தபோது ஹூக்கில் இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அது பெயிண்டுக்குள் போயிருக்கும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை.

"அதை நம்பறேன் சார். டைட்டானியத்துக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களான்னு நீங்க கேட்டீங்களே, அதுதான் உங்க கண்ணை மறைச்சிருக்கு. ஆனா ஃபிரேம் கேபின்ல இல்லைன்னு உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியும். தெரிஞ்சுதான் கேபினுக்கு வந்த பொண்ணைத் திருடின்னீங்க. ஷாப்ல போன் வெச்சிருந்தது வெளிய தெரியக் கூடாதுன்னு."

இசைவாணி பாலாஜியைப் பார்த்தாள். அவள் கண்ணில் கண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. இத்தனை நாள் அழுததற்கான கோபம். பாலாஜி தலை குனிந்து, பர்மனென்ட் ஆர்டரைக் கொண்டு வரச் சொன்னார். ஸ்கூட்டர் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுடலைக்கண்ணு விஷயத்தை இதோடு விட்டுவிட வேண்டும் என்று தேவிப்பிரியா கேட்க, அதற்கும் தலையாட்டினார். இசைவாணி காகிதத்தை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் பத்திரப்படுத்தினாள்.

பிறகு பாலாஜி கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதை சத்தமில்லாம என் கார்ல ஏத்திடலாமா?"

இசைவாணி ஃபிரேமின் பக்கத்தில் குனிந்தாள். கீறிய இடத்தில் நகத்தால் சுரண்டினாள். இன்னும் கொஞ்சம் மஞ்சள் உதிர்ந்தது.

"பெயிண்டு பிடிக்கலை சார். இது பாஸ் ஆவாது. டேக்கு இல்லாம எந்த ரிஜெக்ட் பீஸும் இடத்தை வுட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக்கீறீங்க."

யூனிஃபார்ம் பையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து ஃபிரேமில் கட்டினாள். பேனாவைத் திறந்தாள். குறை என்ற இடத்தில் எழுதி முடித்துவிட்டு, காரணம் என்ற இடத்துக்கு வந்து நிறுத்தினாள். நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன.

"எதுல டிக் போடட்டும் சார்?"

பாலாஜி மெஷினைப் பற்றி யோசித்தார். மெட்டீரியலைப் பற்றி யோசித்தார். உலகத்திலேயே நல்ல மெட்டீரியல் அது. கடைசியில், "ஆள்னு போடும்மா" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

இசைவாணி டிக் போட்டாள். பேனாவை மூடவில்லை.

"ஆள்னு போட்டா பேரும் எழுதணும் சார்."